பகடை உருளும் நாயகர்கள்: சூப்பர் ஹீரோ மேசை விளையாட்டுகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, வழக்கம்போல் பாரதியிடமோ சிலம்பிடமோ போய் ஒரு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்றரை ஆண்டாக டாக்குரியாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கிற ஒன்று என்னை விடுவதாக இல்லை. மாலை ஐந்து மணியானால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. மற்றவர்களில் இருவர் எதிர்வீட்டு வங்காளிப் பிள்ளைகள், ஒருவன் தெலுங்குக்காரன், ஒருத்தி மார்வாடிப் பெண். சீட்டு இல்லை, கேரம் இல்லை, கணினியும் இல்லை. காகிதம், பென்சில், பகடை, அப்புறம் ஓயாத பேச்சு.

முதல் இரண்டு மாதம் நான் இதை வெறும் சத்தம் என்றே எண்ணினேன். "தாத்தா, நீங்க பால்கனியில உட்காருங்க, இங்க உலகத்தைக் காப்பாத்திக்கிட்டிருக்கோம்" என்றாள் பேத்தி. பால்கனியில் உட்கார்ந்து, பேப்பர் படிக்கிற பாவனையில் கேட்கத் தொடங்கினேன். கேட்டது போதாமல் விதிப்புத்தகங்களையும் வாங்கிப் படித்தேன். ஓர் இலக்கியப் பனுவலைத் திறனாய்வது போலவே இவற்றையும் திறனாயலாம் என்று தோன்றிற்று. அந்த முயற்சியே இக்கட்டுரை.

விளையாட்டு எப்படி நடக்கிறது?

ஒருவர் கதை நடத்துவார். அவரைப் பிள்ளைகள் 'ஜி.எம்.' என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "பாலத்தின் மேல் பஸ் ஒன்று தொங்குகிறது, உள்ளே நாற்பது பேர். என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார் நடத்துநர். ஒருவன் பறக்கிறேன் என்பான், ஒருத்தி பஸ்ஸை இழுத்துப் பிடிக்கிறேன் என்பாள். முடியுமா, முடியாதா என்று ஐயம் வருகிற இடத்தில் மட்டும் பகடை உருளும். விழுந்த எண்ணுக்கேற்பக் கதை திரும்பும். அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்த வகையின் முதல் அச்சு நூலான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கியது. அதில் வாள் வீரர்களும் மந்திரவாதிகளும் உண்டு. மூன்றே ஆண்டில், 1977-இல், 'சூப்பர் ஹீரோ 2044' வந்தது. அதன்பின் சூப்பர் ஹீரோ விளையாட்டு தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டது.

நமக்கு இது முற்றிலும் புதிதா?

புதிது என்று சொல்லிவிட முடியாது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? திரைக்குப் பின்னால் நிற்கிற வேடத்தை "யார் நீ?" என்று கேட்டு அறிமுகப்படுத்துகிறான். சில்லறைப் பாத்திரங்களைத் தானே ஏற்கிறான். சபைக்கும் வேடத்துக்கும் நடுவில் நின்று கதையை நகர்த்துகிறான். ஜி.எம். வேலையும் ஏறக்குறைய இதுதான். வங்கத்து ஜாத்ராவில் 'விவேக்' என்றொரு பாத்திரம் திடீரென்று நுழைந்து, நாயகனுடைய மனச்சாட்சியாகப் பாடிவிட்டுப் போகும். அந்த வேலையும் இங்கே நடத்துநருடையதுதான்.

ஆட்ட மரபிலும் முன்னோடிகள் உண்டு. பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரின் தசாவதாரச் சீட்டுகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். வட்டச் சீட்டு. அவதாரத்துக்குப் பன்னிரண்டாகப் பத்து அவதாரத்துக்கு 120. அவதாரங்களையே ஆடுகாய்களாக்கிய கற்பனை அது. நம் பரமபதத்திலோ ஏணியும் பாம்பும் நம் நல்வினை தீவினையாக நிற்கின்றன. ஆனால் பரமபதத்தில் ஆடுபவர் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை; விழுந்த எண்ணுக்குப் போக வேண்டியதுதான். இங்கே முதலில் தேர்வு, பிறகு பகடை. அந்த வரிசை மாற்றத்தில்தான் புதுமை இருக்கிறது.

படக்கதை நாயகர்களும் நமக்குப் பழக்கமானவர்களே. 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி, பிரிட்டிஷ் படக்கதையிலிருந்து வந்தவன். மின்சாரம் பாய்ந்தால்தான் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். எழுபதுகளின் கல்கத்தா லோட்ஷெட்டிங்கில் பாவம் அவன் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பான் என்று நாங்கள் சிரித்ததுண்டு. இங்கே வங்காளிப் பிள்ளைகளுக்கு 1965-இலிருந்தே நாராயண் தேப்நாத்தின் 'பாண்டுல் தி கிரேட்' இருந்தான். இளஞ்சிவப்புப் பனியனும் வெறுங்காலுமாக மலையைத் தூக்கிப் போடுகிறவன். 2022-இல் தேப்நாத் காலமானபோது எதிர்வீட்டுக்காரர் தம் பழைய 'சுக்தாரா' இதழ்களை எடுத்துவந்து என்னிடம் காட்டினார். மாயாவியையும் பாண்டுலையும் நாம் படித்தோம். இந்தப் பிள்ளைகளோ நாயகர்களாகவே பேசுகிறார்கள். ஆகவே நாயகன் என்றால் யார், அவனிடம் எதை அளக்க வேண்டும் என்பதை விதிப்புத்தகம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மூன்று விளையாட்டுகளை இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்ப்போம். முதல் இரண்டின் பழைய புத்தகங்கள் என் மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தவை.

'சாம்பியன்ஸ்': பாட்டி ஒரு குறையா?

1981-இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் உருவாக்கியது 'சாம்பியன்ஸ்'. ஆடுபவர் கையில் இத்தனை புள்ளிகள் என்று கொடுத்துவிடுவார்கள். பறக்க இவ்வளவு, பலத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். கூடுதல் புள்ளி வேண்டுமென்றால் குறைகளை ஏற்க வேண்டும். துரத்தும் பகைவன், மறைத்து வைத்த அடையாளம் போன்றவை குறைகள். குறை கூடினால் வரவு கூடும். நாயகனுக்குக் குறையே கதையின் முதல் என்பதைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள். இது நல்ல கண்டுபிடிப்பு, மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தக் குறைப்பட்டியலில் ஒரு வரி என்னை உறுத்தியது. நாயகனை நம்பி வாழும் உறவினரும் அங்கே குறைதான். வில்லன் அவர்களைப் பிடித்துக்கொண்டு போவான், நாயகன் மீட்கப் போவான். அதற்குப் புள்ளி. பேத்தியிடம் சொன்னேன்: "அப்ப பாட்டி உனக்கு மைனஸா?" அவள் சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "மைனஸ் இல்ல தாத்தா, லோன் மாதிரி" என்றாள். உறவைக் கடன் என்று பார்க்கிற கணக்கு நமக்கும் தெரியாததல்ல. ஆனாலும் கதைக்குள் அந்தப் பாட்டிக்குப் பிடிபடுவதைத் தவிர வேறு வேலையில்லை என்பது இந்த விளையாட்டின் பெருங்குறை. இன்னொன்று, ஆக்குவதிலேயே மாலை முழுதும் போய்விடுகிறது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை வலுவான நாயகனைக் கட்டிவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்': செலவழிக்கும் கர்மா

1984-இல் ஜெஃப் கிரப் வடிவமைத்து டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொரு திறனுக்கும் எண்ணோடு ஒரு பெயரும் உண்டு. 'ஃபீபிள்' என்னும் நோஞ்சானிலிருந்து 'அன்எர்த்லி' வரை படிப்படியாக ஏறும். நூறு வரை எண் தரும் பகடையை உருட்டி, வண்ண அட்டவணையில் வெள்ளையா, பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் நொடியில் புரிகிறது.

இதில் 'கர்மா' என்றொரு புள்ளிக்கணக்கு இருக்கிறது. ஆபத்திலிருந்து மீட்டால் வரவு. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாலும் வரவு. கடமையைத் தவறவிட்டால் பற்று. கொலை செய்தாலோ கணக்கு மொத்தமும் அழிந்துபோகும். சேர்ந்த கர்மாவைச் செலவழித்துப் பகடையின் எண்ணை உயர்த்தலாம். அதே கர்மாவைச் சேர்த்துவைத்துத் தன் ஆற்றலையும் வளர்த்துக்கொள்ளலாம். இன்று ஒருவரைக் காப்பாற்றச் செலவழிப்பதா, நாளைய தன் வளர்ச்சிக்குச் சேமிப்பதா? இரண்டுக்கும் ஒரே உண்டியல் என்று வைத்ததுதான் சிறப்பு. குழுவினர் கர்மாவைப் பொதுவில் போட்டு வைக்கவும் இடமுண்டு; கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் ஊழ் என்பது முன்பே எழுதப்பட்ட கணக்கு. இந்த அமெரிக்கக் கர்மாவோ சேமிப்புப் புத்தகம். பெயரை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டார்கள் என்று குறை சொல்லலாம். ஆனால் கொன்றால் எல்லாம் போச்சு என்கிற விதி, பதின்மூன்று வயதுப் பையனை ஓங்கிய கையோடு நிறுத்தி யோசிக்க வைப்பதை நான் நேரில் பார்த்தேன். எத்தனை நீதிபோதனை வகுப்பு அதைச் செய்யும்?

'மாஸ்க்ஸ்': பிறர் ஒட்டும் பெயர்கள்

மூன்றாவது விளையாட்டு 2016-இல் வந்தது. பிரெண்டன் கான்வே எழுதியது. என் பார்வையில் மூன்றில் ஆழமானது இதுவே. இதில் எல்லாரும் பதின்பருவ நாயகர்கள். உடல் வலிமையை இது அளப்பதே இல்லை. ஐந்து பெயர்ச்சீட்டுகள் உண்டு: ஆபத்தானவள், விசித்திரமானவள், காப்பவள், மேலானவள், சாதாரணமானவள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. தன்னைப் பற்றி அந்தப் பிள்ளை அப்போது என்ன நினைக்கிறாள் என்பதே அந்த எண்.

அந்த எண்களைப் பெரியவர்கள் மாற்ற முடியும். விதிப்படி எல்லாப் பெரியவர்களுக்கும் இளையவர்மேல் செல்வாக்கு உண்டு. ஒரு பெரியவர் "நீ இப்படித்தான்" என்று சொல்லும்போது ஒரு சீட்டு ஏறும், இன்னொன்று இறங்கும். ஏற்காவிட்டால் இரண்டு பகடை உருட்டி மறுக்கலாம். பத்தும் அதற்கு மேலும் முழு வெற்றி, ஏழு முதல் ஒன்பது வரை அரை வெற்றி. ஆறும் அதற்குக் கீழும் விழுந்தால் அந்தச் சொல் ஆழமாகக் குத்திவிடும்.

காயம் என்பதும் இங்கே உடம்பில் இல்லை. அச்சம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கையிழப்பு, தன்மேல் ஐயம் என ஐந்து நிலைகள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் வெகுளியும் இந்த ஐந்தில் இருப்பதைத் தமிழ் படித்தவர் எவரும் கவனிப்பர். இந்நிலை நீங்க இரண்டு வழி. ஏதாவது முரட்டுத்தனம் செய்து தீர்த்துக்கொள்ளலாம். அல்லது கூட இருப்பவர் ஆறுதல் சொல்லித் தீர்க்கலாம். ஆறுதல் சொல்ல உருட்டும்போது எந்தச் சீட்டின் எண்ணைக் கூட்ட வேண்டும் தெரியுமா? 'சாதாரணமானவள்' என்பதன் எண்ணை! சண்டைக்கு 'ஆபத்தானவள்', காவலுக்கு 'காப்பவள்'. பக்கத்தில் உட்கார்ந்து "என்னடி ஆச்சு?" என்று கேட்பதற்குச் சாதாரணமாய் இருந்தால்தான் முடியும் என்கிறது விதி.

இதன் கூர்மை எங்கள் கூடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பேத்தி எடுத்தது 'அயலாள்' என்னும் பாத்திரம். வேறு உலகிலிருந்து வந்தவள். எதிர்வீட்டுப் பையன் நடத்துநர். பள்ளி ஆசிரியர் வேடத்தில் பேசினான்: "நீங்க சவுத் இண்டியன் ஆச்சே, கணக்குல புலி இல்லையா!" பாராட்டுத்தான். விதிப்படி 'மேலானவள்' ஒன்று ஏறிற்று, 'சாதாரணமானவள்' ஒன்று இறங்கிற்று. அடுத்த காட்சியில் தோழி அழுதபோது, இவளால் அவளைத் தேற்ற முடியவில்லை. பகடையில் அந்த ஒரு எண் குறைந்தது. பாராட்டும் ஒரு முத்திரைதான், அதுவும் தனிமைப்படுத்தும் என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. வெளிமாநிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த நமக்கு, இங்கே 'மதராஸி', ஊருக்குப் போனால் 'கல்கத்தாக்காரங்க' என்று இரு பெயர்ச்சீட்டும் சட்டைப்பையில் உண்டே.

ஒரு மாலை

இனி எழுதுவது திறனாய்வில் சேருமா தெரியவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

சென்ற ஆண்டு லேக் மார்க்கெட் பக்கம் ஒரு கல்யாண வீடு. ஊரிலிருந்து வந்த உறவினர் பேத்தியிடம் ஏதோ கேட்க, அவள் ஒரு நொடி தயங்கினாள். நான் முந்திக்கொண்டு, "இவளுக்குத் தமிழ் அரைகுறைதான், வங்காளிதான் தண்ணியா வரும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன்பின் அவள் என்னிடம் பாதிக்குப் பாதி ஆங்கிலத்திலேயே பேசினாள். நான் அதைக் கவனித்தேன், காரணத்தைக் கவனிக்கவில்லை.

சில வாரம் கழித்து விளையாட்டில் அவளுடைய பாத்திரத்துக்கு ஒரு தாத்தா வந்தார். அவள் கேட்டுக்கொண்டபடி நடத்துநர் அந்தத் தாத்தாவாகப் பேசினான். கல்யாண வீட்டில் நான் சொன்ன அதே வாக்கியம். வங்காளிப் பையன் வாயில் வந்ததால் உச்சரிப்பு கொஞ்சம் வேறு. பிறகு அவன் கேட்டான்: "இவருக்கு உன்மேல் செல்வாக்கு உண்டா?"

"உண்டு. ரொம்ப" என்றாள்.

மறுக்கிறேன் என்று உருட்டினாள். ஐந்தும் நாலும் ஒன்பது. அரை வெற்றி, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சொல் தவறென்று உடனே செய்துகாட்டுவது என்னும் வழியை எடுத்தாள். டாக்குரியா ஸ்டேஷன் நடைமேடையில் கூட்டம் நெருக்க, தண்டவாளத்தில் விழப்போன ஒரு கிழவியைக் காப்பாற்றும் காட்சி. முழுவதையும் தமிழில் சொன்னாள். "தாவினேன்... இல்ல, பாய்ஞ்சேன். அவங்க கை நழுவிச்சு. முந்தானையைப் பிடிச்சு இழுத்தேன்." இடையிடையே நின்று, சொல்லைத் தேடி, கண்டுபிடித்துச் சொன்னாள். மற்ற நால்வருக்கும் பாதி புரிந்திருக்காது. ஒருவரும் குறுக்கே பேசவில்லை. நான் பேப்பரை மடித்து வைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு சாப்பாட்டின்போது, "அந்தத் தாத்தா சொன்னது தப்பும்மா" என்றேன். "எந்தத் தாத்தா?" என்று கேட்டுவிட்டுச் சாம்பார் ஊற்றிக்கொண்டாள்.

குறைகளும் உண்டு

'மாஸ்க்ஸ்' விதிகளில் இளையவர் மறுக்க வழியிருக்கிறது. பெரியவர் தன் சொல்லைத் திரும்பப் பெறத் தனி விதியில்லை. நல்ல நடத்துநர் அதைக் கதையில் கொண்டுவரலாம் என்பது வேறு. மூத்தோரை முத்திரை குத்துபவராக மட்டுமே பார்ப்பது நம் வீட்டு அனுபவத்துக்குப் பாதியளவே பொருந்தும்.

இரண்டாவது, மூன்று விளையாட்டின் களமும் அமெரிக்கப் பெருநகரம். இதைப் பிள்ளைகள் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். அவர்கள் வில்லன் ரவீந்திர சரோபர் ஏரிக்கடியில் ஒளிந்திருக்கிறான். நாயகர்கள் அவசரத்துக்குச் சியால்தா லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். புத்தகமும் பேச்சும் ஆங்கிலம். இப்படியே விட்டால் இன்னும் ஒரு மாலை ஆங்கிலத்துக்குப் போகும். நாங்கள் ஒரு சிறு விதி சேர்த்தோம். அவரவர் பாத்திரம் வீட்டுக்குள் நுழைந்தால் அவரவர் வீட்டு மொழி. அதன்பின் என் பேத்தி கேட்கிற சொற்கள் எல்லாம் வினைச்சொற்கள். தாவு, பாய், குதி, எம்பு, நழுவு, பதுங்கு. பாடப்புத்தகத் தமிழ் பெயர்ச்சொல்லைத்தான் நிறையக் கொடுக்கிறது. ஒரு மொழியில் ஓடவும் ஒளியவும் வினை வேண்டும். வங்காளிப் பையன் இப்போது 'பதுங்கு' என்று தன் தங்கையிடம் கத்துகிறான்.

மாநாட்டை எதிர்பார்த்து

இந்த விளையாட்டுக்காரர்களுக்குத் திருவிழா என்பது மாநாடு. 1968-இல் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் தொடங்கிய 'ஜென் கான்' இன்று இண்டியானாபொலிஸில் நடக்கிறது. இந்தியாவில் 2011-இல் டெல்லியில் தொடங்கிய காமிக் கான் 2024 பிப்ரவரியில் சென்னைக்கும், 2025 பிப்ரவரியில் நம் கொல்கத்தாவுக்கும் வந்தது. சயன்ஸ் சிட்டி பக்கம், முன்பு புத்தகக் கண்காட்சி நடந்த அதே மைதானத்தில்தான். வேடமிட்ட கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் ஐவருக்கும் ஒரே பேச்சு: அடுத்த முறை வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது, தாங்கள் எழுதிய கதையோடு போய், ஒரு மேசை பிடித்து, முன்பின் தெரியாதவர்களை உட்கார வைத்து நடத்த வேண்டும்.

"தெரியாதவங்களோட என்ன விளையாட்டு?" என்று கேட்டேன். மாநாட்டு ஆட்டம் மூன்று நாலு மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும், பாத்திரங்களை முன்பே எழுதிவைத்து எடுத்துப்போவோம் என்று விளக்கினார்கள். பேத்தி மட்டும் வேறொரு பதில் சொன்னாள்: "அங்க யாருக்கும் என்னைத் தெரியாது தாத்தா. யாருக்கும் என்மேல செல்வாக்கு இல்ல. என்ன சொல்றேனோ அதுதான் நான்."

நம் சங்க விழா இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் பேத்தி, எந்த ஊர், எவ்வளவு மதிப்பெண், தமிழ் வருமா வராதா எல்லாம் தெரியும். அதில் ஒரு கதகதப்பு உண்டு. அதற்காகத்தான் சங்கம் வைத்திருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் பதினாலு வயதில் ஏன் விழாவுக்கு வருவதை நிறுத்துகிறார்கள் என்று செயற்குழுவில் ஆண்டுதோறும் கவலைப்படுகிறோமே, அதற்கு ஒரு காரணம் இதிலும் இருக்கக்கூடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவன்று, பேச்சுப்போட்டி நடக்கும் நேரத்தில், பக்கத்து அறையில் ஒரு மேசையும் ஆறு நாற்காலியும் ஒதுக்கித் தாருங்கள். 'மாஸ்க்ஸ்' ஆட்டத்துக்கு ஆறுமுகப் பகடை இரண்டே போதும். மாநாட்டுக்கு முன் ஒத்திகையும் ஆகும். தமிழில் திக்குகிற பிள்ளைகளும் வரலாம், யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கென்று பேத்தி எழுதிவைத்த பாத்திரத்தில் 'மேலானவர்' சுழியம், 'சாதாரணமானவர்' மூன்று.